ஃபைட்டர் சண்டைப் பாணிகள்: மேசையில் சமநிலை குலைந்தால் எங்கே கை வைப்பது

"அவன்ர ஃபைட்டர் மட்டும்தான் அடிக்கிறான், நாங்கள் சும்மா இருக்கிறம்." ஞாயிறு பின்னேரம் வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் இந்த வசனம் விழுந்தவுடன், டீஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அந்த ஃபைட்டரிடமிருந்து எதையாவது பிடுங்கப் பார்ப்பார். பிடுங்கினால் ஒருவர் மனம் நோகும், பிரச்சினை அப்படியே கிடக்கும். பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில், ஆயுதம் ஏந்தும் ஃபைட்டர் பாத்திரம் தெரிவுசெய்யும் சண்டைப் பாணிகள் தம்மளவில் ஓரளவு சமமாகத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. குலைவு பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது: பாணியோடு சேரும் ஃபீட் (பாத்திரம் தெரிவுசெய்யும் சிறப்புத் திறன்), மேசையில் விரித்த வரைபடம், பிழையாக வாசித்த விதி, ஓய்வு எடுக்கும் கணக்கு. கீழே அறிகுறி வாரியாகப் பார்ப்போம்.

முதல் வேலை: எந்தப் புத்தகம், என்ன கணக்கு

ஒரே மேசையில் ஒருவர் 2014 விதியையும் இன்னொருவர் 2024 விதியையும் வைத்துப் பாத்திரம் செய்திருந்தால், மற்ற எதையும் பார்க்கமுன் அதைத் தீருங்கள். ஷார்ப்ஷூட்டர், கிரேட் வெபன் மாஸ்டர் என்ற ஃபீட்டுகளுக்கு இரண்டிலும் பெயர் ஒன்று, வேலை வேறு. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வந்த இலவச அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1ஐ மட்டும் வைத்து ஆடுபவர்களிடம் 2014 விதியின் ஆறு பாணிகளும் இருக்கும், ஆனால் ஃபீட் என்று கிராப்ளர் ஒன்றுதான். அவர்களுக்குக் கீழே வரும் தலையிடியில் அரைவாசி வரவே வராது.

அடுத்தது அளவு. ஒரு தாக்குதலின் சராசரிச் சேதம் இதுதான்: அடி படும் வாய்ப்பு × (பகடைச் சராசரி + கூட்டும் எண்), அதோடு 0.05 × பகடைச் சராசரி. கடைசித் துண்டு கிரிட்டிகலுக்கு, அதாவது 20 விழுந்து சேதப் பகடை இரட்டிப்பாவதற்கு.

5ஆம் லெவல் ஃபைட்டர், முக்கிய ஆற்றல் 18, தாக்கும் பகடையில் கூட்டுவது +7, எதிரியின் ஏசி (அடி பட எட்டவேண்டிய எண்) 15 என்று வைத்துக்கொள்வோம். டி20இல் (இருபது பக்கப் பகடையில்) 8 விழுந்தாலே படும், ஆகவே 65 சதவீதம். 2014 விதியில், ஃபீட் எதுவும் இல்லாமல், ஒரு சுற்றுக்கு:

பெருவாளும் கிரேட் வெபன் ஃபைட்டிங்கும்: 16.9
இரண்டு குறுவாளும் டூ வெபன் ஃபைட்டிங்கும், மூன்று வீச்சு: 15.2
நீள்வாள், கேடயம், டூவலிங் (சேதத்துக்கு +2): 14.1
நீள்வில்லும் ஆர்ச்சரியும் (தாக்கும் எண்ணுக்கு +2): 13.2

கேடயக்காரருக்கு ஏசியில் 2 கூட, வில்லாளிக்குத் தூரம். சேதம் குறைந்தவருக்கு வேறு ஏதோ கிடைத்திருக்கிறது. இந்த நான்கு எண்களையும் ஒரு சீஆர் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் மேசை இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. அதே கொப்பியில் மூன்று சண்டைக்கு ஒவ்வொரு வீச்சையும் குறியுங்கள்: யார், எத்தனை விழவேண்டும், பட்டதா, சேதம் எவ்வளவு. 24 வீச்சு கிடைத்தால் ஓரளவு காணும். ஆனாலும் 65 சதவீத வாய்ப்புள்ளவர் அந்த 24 வீச்சில் 55 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் இடையில் ஆடுவது சாதாரணம். ஒரு சண்டையில் ஐந்து முறை தொடர்ந்து பட்டதைப் பார்த்து விதியை மாற்றுவது பகடைக்குத் தண்டனை கொடுப்பது போன்றது.

"அம்புக்காரன் எல்லாத்தையும் முடிச்சிடுறான்"

மிக அடிக்கடி வரும் முறைப்பாடு இது, 2014 விதியில் மிக நியாயமானதும் இதுதான். காரணம் ஆர்ச்சரி மட்டுமல்ல, ஷார்ப்ஷூட்டர் மட்டுமல்ல, இரண்டும் சேர்வது. ஷார்ப்ஷூட்டர் தாக்கும் எண்ணில் 5 குறைத்துச் சேதத்தில் 10 கூட்டுகிறது. ஆர்ச்சரியின் +2 அந்தக் குறையில் ஐந்தில் இரண்டை நிரப்பிவிடுகிறது. ஏசி 15க்கு எதிரே 50 சதவீதம் படும், ஒவ்வொன்றும் சராசரி 18.5. சுற்றுக்கு 19. முன்வரிசையில் நின்று அடிவாங்கும் பெருவாளின் 16.9ஐ, அறுபது அடி தள்ளி நிற்பவர் தாண்டிவிட்டார். 6ஆம் லெவலில் வேரியன்ட் ஹியூமன் (ஒரு ஃபீட்டோடு தொடங்கும் மனிதப் பாத்திரம்) ஒருவர் க்ரொஸ்போ எக்ஸ்பேர்ட் என்ற ஃபீட்டையும் எடுத்துக் கைக் குறுக்குவில் பிடித்தால் மூன்று எய்தல், 26.8.

விதியில் கை வைக்கமுன் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு அங்குலம் ஐந்து அடி. பலர் கரம் போர்ட்டைப் புரட்டி, மேலே கட்டம் போட்ட தாளை ஒட்டி ஆடுவார்கள். நல்ல யோசனைதான், மேசையும் கீறுப்படாது. ஆனால் 29 அங்குலப் போர்ட் என்பது 145 அடி. நீள்வில்லின் சாதாரண எல்லை 150 அடி. போர்ட்டின் ஒரு மூலையில் பகைவரை வைத்தால் வில்லாளி எங்கே நின்றாலும் எட்டும், 30 அடி நடக்கும் எதிரி ஓடியே வந்தாலும் மூன்றாம் சுற்றில்தான் வந்து சேரும். மூன்று சுற்று, 57 சேதம். ஒரு ஓகர் பூதத்தின் முழு உயிர்ப்புள்ளி 59. பகைவரை 40 முதல் 60 அடிக்குள் தொடங்குங்கள், அதாவது 8 முதல் 12 கட்டம். நான்கு சண்டையில் ஒன்று திறந்த வெளியாக இருக்கட்டும், அது வில்லாளியின் நாள்.

பிறகு மறந்துபோன விதிகள். ஷார்ப்ஷூட்டர் அரை மறைப்பையும் முக்கால் மறைப்பையும்தான் புறக்கணிக்கும். முழு மறைப்பை அல்ல. ஐந்து அடிக்குள் பகைவர் நின்றால் எய்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தரம் போட்டுக் குறைந்ததை எடுப்பது), அதை இந்த ஃபீட் நீக்காது (2014இல் அதை நீக்குவது க்ரொஸ்போ எக்ஸ்பேர்ட்). ஒரு கொப்லின் பக்கத்தில் போய் நின்றாலே 50 சதவீதம் 25 ஆகும், சுற்றுக்கு 19 என்பது 9.3 ஆகும். பகைவர் கூட்டத்தில் இரண்டு பேருக்கு "வில்லாளியைப் பிடி" என்ற வேலையை மட்டும் கொடுங்கள். அம்பும் எண்ணப்படட்டும்: தூணியில் 20, சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் எய்ததில் அரைவாசி திரும்பும். கைக் குறுக்குவில்லுக்கு அம்பு ஏற்ற ஒரு கை வெறுமையாக இருக்கவேண்டும். மற்றக் கையில் கேடயமோ வாளோ இருந்தால் அடுத்த எய்தல் இல்லை. இந்த ஒரு வரியை வாசிக்காமல் நடக்கும் ஆட்டங்கள் ஏராளம்.

இத்தனைக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் ஒரு சிறு திருத்தம்: குறை 5ஐ எடுக்கும் எய்தலுக்கு ஆர்ச்சரியின் +2 சேராது. அப்போது சுற்றுக்கு 15.3. ஃபீட் எடுத்ததற்குப் பயன் உண்டு, பெருவாளையும் தாண்டாது. 2024 விதி ஷார்ப்ஷூட்டரிலிருந்து இந்தக் குறை 5, கூட 10 முழுவதையும் எடுத்துவிட்டது. இடைநடுவில் இருக்கும் ஒரு கதையில் அப்படி முழுதாகப் பிடுங்குவது கடுமை. புதிய கதை தொடங்கினால் 2024 விதியையே பிடியுங்கள்.

"பெருவாள் ஒரே வெட்டில 30 போகுது"

2014இன் கிரேட் வெபன் மாஸ்டரும் பெரிய ஆயுதத்துக்கு அதே குறை 5, கூட 10 பேரத்தைக் கொடுக்கிறது; அதன் பெயரைக் கேட்டதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் பயப்படவேண்டியது வேறொன்று. ஏசி 15க்கு எதிரே, குறை 5 எடுத்தால் சுற்றுக்கு 18.7, எடுக்காவிட்டால் 16.9. வித்தியாசம் இரண்டுகூட இல்லை. ஏசி 18க்கு எதிரே எடுத்தால் நட்டம்: 13.2க்குப் பதில் 12. எளிய வழி: அடி பட டி20இல் 9 அல்லது அதைவிடக் குறைந்த எண் போதும் என்றால் எடுக்கலாம், 10 வேண்டும் என்றால் வேண்டாம்.

இப்போது அட்வான்டேஜ் (இரண்டு தரம் போட்டுக் கூடியதை எடுப்பது) சேருங்கள். அதே ஏசி 15, அதே வாள்: 30.2. எடுக்காதவருக்கு 23.3. ஆகவே முறைப்பாடு வந்தால் "எவ்வளவு தரம் அட்வான்டேஜ் கிடைக்கிறது" என்று கொப்பியில் எண்ணுங்கள். பல மேசைகளில் விடை ஃபிளாங்கிங்: எதிரியின் இரு பக்கமும் இரண்டு பேர் நின்றால் அட்வான்டேஜ். அது 2014 டீஎம் கையேட்டில் விருப்பத்துக்கு விடப்பட்ட விதி, கட்டாயமில்லை. எங்கள் தீர்ப்பு: அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அட்வான்டேஜுக்குப் பதில் தாக்கும் எண்ணுக்கு +2 கொடுங்கள். 30.2 என்பது 23.2க்கு இறங்கும், இரு பக்கமும் போய் நிற்கும் ஆசையும் கெடாது. ஃபீட்டைத் தொடவே தேவையில்லை. எதிரியை விழுத்தியோ மந்திரத்தாலோ கூட்டாளி வாங்கிக்கொடுக்கும் அட்வான்டேஜை விட்டுவிடுங்கள்; அதற்கு ஒருவர் தன் முறையைச் செலவழித்திருக்கிறார்.

2024இல் இந்த ஃபீட், ஹெவி ஆயுதத்தால் அட்டாக் அக்ஷனில் அடிக்கும்போது புரொஃபிஷன்சி (லெவலோடு ஏறும் தேர்ச்சி) எண்ணைச் சேதத்தில் கூட்டுகிறது. 5ஆம் லெவலில் அது 3. பேரம் இல்லை, கணக்குச் சண்டையும் இல்லை.

"ரெண்டு வாள் வச்சும் ஒண்டும் நடக்குதில்லை"

இந்த முறைப்பாடு எந்த லெவலில் வருகிறது என்று கேளுங்கள், அதிலேயே விடை இருக்கிறது. 1ஆம் லெவலில், ஆற்றல் 16, ஏசி 13 என்றால் இரட்டை வாளுக்கு 8.8, பெருவாளுக்கு 7.8, டூவலிங்குக்கு 6.4. முதலிடம். 5இல் இரண்டாமிடம். 11இல், ஆற்றல் 20, ஏசி 17 என்றால் பெருவாள் 27.3, டூவலிங் 23.1, இரட்டை வாள் 22.8. கடைசி. மற்றவர்களுக்கு வீச்சு ஒன்றிலிருந்து மூன்றாகப் பெருகியது, இவருக்கு இரண்டிலிருந்து நான்கு. இடக்கை வீச்சு எப்போதும் ஒன்றுதான். அதோடு கேடயமும் இல்லை, தூரமும் இல்லை.

1 முதல் 4 வரை முறைப்பாடு வந்தால் விதி வாசிப்பைச் சரிபாருங்கள். டூ வெபன் ஃபைட்டிங் பாணி எடுத்திருந்தால் இடக்கைச் சேதத்தில் ஆற்றல் எண் கூடும். அதைக் கூட்ட மறந்தால் ஒரு வீச்சுக்கு 3 போய்விடும். இடக்கை வீச்சுக்கு போனஸ் அக்ஷன் (முறைக்கு ஒன்றான கூடுதல் செயல்) செலவாகும்; தன்னைக் குணப்படுத்தும் செக்கண்ட் விண்டும் போனஸ் அக்ஷன்தான், ஆகவே அதை எடுத்த சுற்றில் இடக்கை ஓயும். 2014 விதியில் ஒரு முறைக்கு ஒரு ஆயுதம்தான் சும்மா உருவலாம். முதல் சுற்று அங்கேயே வீணாகும். அந்த ஒரு விதியை எல்லோருக்கும் தளர்த்திவிடுங்கள், யாருக்கும் நட்டமில்லை.

11க்குப் பிறகென்றால் குறை உண்மையிலேயே விதியில். இடக்கைக்கு இன்னொரு வீச்சுக் கொடுக்கத் தோன்றும், கொடுத்தால் 28.5 ஆகிப் பெருவாளை மிதித்துவிடும், மந்திர வாள் கிடைத்தால் இன்னும் ஏறும். அதைவிட, 11ஆம் லெவலில் 2014இன் டூவல் வீல்டர் ஃபீட்டை இலவசமாகக் கொடுங்கள். டி6 வாளுக்குப் பதில் டி8 வாள் இரண்டு பிடிக்கலாம், ஏசியில் 1 கூடும், இரண்டு ஆயுதத்தையும் ஒன்றாக உருவலாம். சேதம் 25.6. டூவலிங்குக்கும் பெருவாளுக்கும் நடுவில் வந்து உட்காரும். 2024இல் ஆடினால் நிக் என்ற மாஸ்டரி (ஆயுதத்துக்குரிய தனித் திறன்) இடக்கை வீச்சை அட்டாக் அக்ஷனுக்குள் கொண்டுவந்துவிட்டது. சிமிட்டர், கத்தி போன்றவற்றில் அது உண்டு. ஒரு கையில் வெக்ஸ் மாஸ்டரி உள்ள குறுவாள், மறுகையில் சிமிட்டர் என்று எடுத்தால் போனஸ் அக்ஷன் கையில் மிஞ்சும். இரண்டு கையிலும் குறுவாள் வைத்துக்கொண்டு "புதிய விதியிலும் சரிவரவில்லை" என்பவருக்கு ஆயுதத்தை மாற்றச் சொன்னால் காணும்.

"கேடயம் பிடிச்சவன் பெருவாளைவிடக் கூட அடிக்கிறான்"

அவர் கையில் தடி இருக்கிறதா பாருங்கள். ஒரு கையில் தடி, மறு கையில் கேடயம், டூவலிங், போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட். அந்த ஃபீட்டால் தடியின் மறுமுனையால் போனஸ் அக்ஷனில் ஒரு டி4 அடி, அதிலும் டூவலிங்கின் +2 ஏறும். 5ஆம் லெவலில் 18.4, ஏசியும் 2 கூட. விதிப்படி சரிதான், கண்ணுக்குத்தான் பொருந்தாது. மறுமுனை அடிக்கு +2 இல்லை என்று வைத்தால் 17.1 ஆகும். ஒரு ஃபீட் செலவழித்தவருக்கு அது நியாயமான இடம். கேடயத்தைப் பறிக்கவேண்டாம்: டூவலிங்குக்கு "வேறு ஆயுதம் கூடாது" என்பதுதான் நிபந்தனை, கேடயம் ஆயுதமல்ல.

"ஒண்டும் படுதில்லை, ஏசி 21"

பிளேட் கவசம் 18, கேடயம் 2, டிஃபென்ஸ் பாணி 1. ஓகர் +6 கூட்டி அடித்தால் 15 விழவேண்டும், 30 சதவீதம். டிஃபென்ஸ் வெறும் 1தானே என்று நினைப்பார்கள். ஏற்கெனவே உயர்ந்த ஏசியில் அந்த 1இன் பெறுமதி கூட. 60 சதவீதத்தை 55 ஆக்கினால் படும் அடியில் பன்னிரண்டில் ஒன்று குறையும். 35ஐ 30 ஆக்கினால் ஏழில் ஒன்று.

இங்கே டீஎம் செய்யும் பெரிய பிழை, எல்லாப் பகைவருக்கும் தாக்கும் எண்ணைக் கூட்டுவது. ஏசி 13இல் நிற்கும் மந்திரவாதிதான் முதலில் சாவார். அதற்குப் பதில் ஏசியைக் கேட்காத வழிகள்: ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த், கொன்ஸ்டிடியூஷன் சேவ்களில்தான் (மந்திரம் போன்றவற்றைத் தாங்கப் போடும் பகடை) தேர்ச்சி, விஸ்டமிலும் டெக்ஸ்டெரிட்டியிலும் இல்லை. அந்த இரண்டையும் கேட்கும் பகைவர் மூன்று சண்டைக்கு ஒருமுறை வரட்டும். அறிவுள்ள பகைவர் அவரைச் சுற்றிக்கொண்டு போகட்டும். ஆனால் எல்லாச் சண்டையிலும் இப்படிச் செய்யாதீர்கள். அடி படாமல் நிற்பதற்காகத்தான் அவர் அந்தப் பாணியை எடுத்தார், சில நாள் அம்புகள் அவர் கேடயத்தில் பட்டுத் தெறிக்கத்தான் வேண்டும். பிளேட்டின் விலை 1500 பொன். செயின் மெயில் 75. பிளேட்டை எப்போது வாங்க விடுகிறீர்கள் என்பதே உங்கள் கையிலுள்ள நல்ல திருகாணி. 3ஆம் லெவலில் புதையலில் வைத்துவிட்டுப் பிறகு குறைப்படக் கூடாது.

"புரொட்டெக்ஷன் எடுத்தன், ஒருநாளும் பாவிக்கேல்லை"

அவரில் பிழையில்லை. பக்கத்தில் நிற்கும் நண்பரை அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுக்கும் இந்தப் பாணியை எதிரி பகடை போடமுன் சொல்லவேண்டும். டீஎம் வேகமாகப் போட்டு "17, படுது, 13 சேதம்" என்று முடித்தால் அவர் வாய் திறக்க நேரமேயில்லை. திருத்தம் டீஎம்மின் நாக்கில்: "ஓகர் நிலாவை அடிக்கப்போகுது" என்று முதலில் இலக்கைச் சொல்லி, இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு பகடை. மேசையில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து ஓடினால் இலக்கின் பெயரையாவது எப்போதும் முதலில் சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் 2014இன் புரொட்டெக்ஷன் மெலிந்தது. ஏசி 15 உள்ள நண்பரை ஓகர் அடித்தால் 60 சதவீதம் 36 ஆகும். சராசரியாக 3 சொச்சம் சேதம் மிச்சம். இன்டர்செப்ஷன் என்ற இன்னொரு பாணி அடி பட்டபின் சேதத்தில் டி10உம் புரொஃபிஷன்சியும் கழிக்கும், 5ஆம் லெவலில் 8.5, அறுபது சதவீத வாய்ப்பில் பார்த்தாலும் 5. ஆகவே 2024இன் வடிவத்தை 2014 மேசைக்கும் கொண்டுவாருங்கள்: ஒரு றியாக்ஷன் (மற்றவர் முறையில் செய்யும் எதிர்ச்செயல்) செலவழித்தால், உங்கள் அடுத்த முறை வரை, நீங்கள் ஐந்து அடிக்குள் நிற்கும் மட்டும் அந்த நண்பர் மேல் வரும் எல்லாத் தாக்குதலுக்கும் டிஸ்அட்வான்டேஜ். மூன்று பேர் சூழ்ந்த மந்திரவாதிக்கு இது உயிர்.

"பெருவாள்காரன்ர முறை முடியுதேயில்லை"

கிரேட் வெபன் ஃபைட்டிங்கில் 1, 2 விழுந்தால் திரும்பப் போடும் வேலை. 2024 விதி அவற்றை 3 என்று எண்ணச் சொல்கிறது, நேரம் மிச்சம். இரண்டு ஆறுபக்கப் பகடை (2டி6) போடும் பெருவாளுக்கு இலாபம் 1.33இலிருந்து 1 ஆகும், பரவாயில்லை. டி12 கோடரிக்கு 0.83இலிருந்து 0.25. கோடரிக்காரருக்கு இந்தத் திருத்தத்தோடு பாணியை டிஃபென்ஸுக்கு மாற்றும் வாய்ப்பையும் கொடுங்கள்.

"மந்திரவாதிக்குப் பக்கத்தில நான் எதுக்கு?"

பாணியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. 5ஆம் லெவல் மந்திரவாதியிடம் மூன்றாம் படி மந்திர இடம் (ஒரு மந்திரம் போட ஒன்று செலவாகும்) இரண்டு. ஃபயர்போல் மந்திரம் 8டி6, சராசரி 28, கூட்டமாக நிற்கும் எல்லோருக்கும். மூன்று மணித்தியால ஆட்டத்தில் இரண்டு சண்டை நடந்து, முடிவில் எல்லோரும் முகாமிட்டுத் தூங்கினால், சண்டைக்கு ஒரு ஃபயர்போல் எப்போதும் இருக்கும். 2014 டீஎம் கையேடு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளை எண்ணித்தான் அளவு போட்டது. ஃபைட்டரின் அக்ஷன் சேர்ஜும் (ஒரே முறையில் இன்னொரு செயல்) செக்கண்ட் விண்டும் ஷோர்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) திரும்பும். அந்த ஷோர்ட் ரெஸ்டே நடக்காத மேசையில் அவருக்குப் பாதிச் சம்பளம்தான்.

ஆட்டம் முடிவதையும் லோங் ரெஸ்டையும் (இரவுத் தூக்கம்) பிரித்துவிடுங்கள். கதையில் ஒரு நாள் என்பது மூன்று ஞாயிறு நீளட்டும். ஒவ்வொரு ஞாயிறின் முடிவிலும் ஷோர்ட் ரெஸ்ட் மட்டும். எழும்பமுன் ஒவ்வொருவரும் உயிர்ப்புள்ளி, மிச்ச மந்திர இடம், அம்பு எண்ணிக்கை மூன்றையும் தாளில் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போடட்டும். அடுத்த கிழமை "எனக்கு இரண்டு இருந்தது" என்ற வாக்குவாதம் இருக்காது. போயா விடுமுறையில் காலையிலிருந்து ஆட முடிந்தால் அந்த ஆறு சண்டையையும் ஒரே இருப்பில் வைத்துப் பாருங்கள். நான்காவது சண்டையில் மந்திரவாதி இடம் தீர்ந்து சிறு மந்திரங்களோடு நிற்க, அக்ஷன் சேர்ஜ் திரும்பிய ஃபைட்டர் ஒரே முறையில் நான்கு வெட்டுப் போடுவார்.